எட்டுக்குப் பத்தில் ஒரு தீவு

'வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்' என்று சொல்லிவைத்த பெரியவர் ஒரு விஷயத்தை மறந்துவிட்டார். இந்த இரண்டு கஷ்டங்களும் சந்தித்துக்கொள்ளும் இடம் சமையலறை. 'அதற்குப் பிளான் போட்டுப் பார்' என்று மூன்றாவதாக ஒரு வரி சேர்த்திருந்தால் என்னைப் போன்றவர்கள் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருந்திருப்போம்.

எனக்கு வயது முப்பத்திரண்டு. கிண்டியில் ஒரு கம்பெனியில் உத்தியோகம். ஊரப்பாக்கம் தாண்டி ஆயிரம் சதுர அடியில் ஒரு மனை, அதற்கு ஒரு கடன். அதன்மேல் ஒரு வீடு, அதற்கு இன்னொரு கடன். கடைசித் தவணை கட்டும்போது எனக்கு ஐம்பத்திரண்டு முடிந்திருக்கும். அதாவது, வீடும் வழுக்கையும் ஒரே சமயத்தில் முழுசாக என்னுடையதாகும்.

இன்ஜினீயர் பிளான் போட்டுக் கொடுத்தார். வடக்குப் பார்த்த வாசல். முன்னால் ஹால், அதை ஒட்டிச் சாப்பிடும் இடம், அதற்கும் பின்னால் தென்கிழக்கு மூலையில் சமையலறை, பக்கத்திலேயே பெட்ரூம். சமையலறை எட்டுக்குப் பத்து. கிழக்கு மேற்கில் எட்டடி, வடக்கு தெற்கில் பத்தடி. "அக்னி மூலை. சரியாத்தான் இருக்கு" என்று அம்மா பாஸ் மார்க் போட்டாள். பில்லர் எழும்பி, கூரை கான்கிரீட்டும் போட்டு முடித்தாயிற்று. உள்சுவர்கள் மட்டும் பாக்கி. எல்லாம் சுமுகமாகத்தான் போய்க்கொண்டிருந்தது, ஒரு ராத்திரி பதினோரு மணி வரைக்கும்.

"என்னங்க, தூங்கிட்டீங்களா?"

தூங்கிவிட்டேன் என்று எந்தக் கணவனும் பதில் சொல்ல முடியாத கேள்வி இது. எழுந்து உட்கார்ந்தேன். என் தர்மபத்தினி செல்போனை மூக்குக்கு நேரே நீட்டினாள். படத்தில் ஒரு சமையலறை. கிரிக்கெட் மைதானத்தில் பாதி இருந்தது. நடுவில், சுவரோடு எந்த சம்பந்தமும் வைத்துக்கொள்ளாமல், தனியாக ஒரு கல் மேடை.

"நடுவுல எதுக்கு மேடை? யாராவது பேசப் போறாங்களா?"

"ஐயோ, இதுக்குப் பேரு ஐலண்ட்! சமையலறைத் தீவு. சுத்தி நாலு பேர் நின்னுக்கிட்டு காய் நறுக்கலாம், சப்பாத்தி இடலாம், காபி சாப்பிடலாம். நம்ம வீட்டுக்கும் இப்படி ஒண்ணு வேணுங்க."

நம் வீட்டில் காய் நறுக்க நாலு பேர் ஏது என்ற கேள்வி தொண்டை வரை வந்தது. கல்யாணமாகி மூன்று வருஷ அனுபவம் அதைத் திரும்ப உள்ளே அனுப்பிவிட்டது.

மறுநாள் காலை இது ஹாலுக்குப் போயிற்று. அப்பா பேப்பரைத் தாழ்த்தாமலேயே, "தீவா? எங்கேடா வாங்கினே?" என்றார். அவர் அரசாங்கப் பள்ளியில் பூகோள வாத்தியாராக இருந்து ரிடையர் ஆனவர். அம்மா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. காபியை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

*

வீட்டு உள்ளலங்காரம் செய்யும் கம்பெனி ஒன்றிலிருந்து டை கட்டிய பையன் ஒருவன் வந்தான். சுவர் இல்லாத வீட்டில் சுவர் வரப்போகும் இடத்தையெல்லாம் அளந்தான். இரண்டு நாளில் திரீ-டி படம் அனுப்பினான். படத்தில் தீவு ஜொலித்தது. அதன்மேல் ஒரு கிண்ணத்தில் பச்சை ஆப்பிள். நீங்கள் எந்த சமையலறைப் படத்தை வேண்டுமானாலும் பாருங்கள், பச்சை ஆப்பிள் இருக்கும். மிக்ஸி இருக்காது. எண்ணெய்த் தூக்கு இருக்காது. துடைத்துத் துடைத்து நிறம் போன கரித்துணி இருக்கவே இருக்காது.

தொகையைப் பார்த்தேன். அந்தக் காசுக்கு நிஜமான தீவிலேயே ஒரு குடிசை போட்டுவிடலாம்.

"கம்பெனி வேண்டாம், நம்ம மேஸ்திரியே கட்டிக் கொடுப்பார்" என்று மனைவியைச் சமாதானம் செய்துவிட்டு, டேப்பை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அங்கேதான் ஐந்தாம் கிளாஸ் கணக்கு என்னைக் காலை வாரிவிட்டது.

நீங்களும் கூட்டிப் பாருங்கள். கிழக்குச் சுவரை ஒட்டி அடுப்பு மேடை, அகலம் 2 அடி. மேடைக்கும் தீவுக்கும் நடுவில் ஒருவர் நின்று வேலை செய்து, குனிந்து கீழ் அலமாரியைத் திறக்க குறைந்தது 42 அங்குலம் வேண்டும் என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்கள் வைத்திருக்கும் கணக்கு. இரண்டு பேர் சேர்ந்து சமைப்பதானால் 48. சரி, 42 என்றே வைத்துக்கொள்வோம். மூன்றரை அடி. தீவின் அகலம் 2 அடி. ஆக மொத்தம் ஏழரை. என் சமையலறை எட்டடி. பாக்கி அரை அடி. தீவுக்கு அந்தப் பக்கம் எறும்பு தாராளமாகப் போகலாம், பூனை மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு போகலாம். ஃப்ரிட்ஜ் எங்கே வைப்பது என்று கேட்காதீர்கள். இரண்டு பக்கமும் ஒழுங்காக வழி விட வேண்டுமானால் 11 அடி அகலம் வேண்டும்.

சட்டப்படி என் சமையலறையில் எந்தக் குறையும் இல்லை. தேசியக் கட்டட விதித் தொகுப்பு சமையலறைக்குக் குறைந்தது 5 சதுர மீட்டர் பரப்பும் 1.8 மீட்டர் அகலமும்தான் கேட்கிறது. என்னுடையது ஏழு சதுர மீட்டருக்கு மேல். ஆனால் விதி எழுதியவர்கள் சமைக்கத்தான் இடம் கேட்டிருக்கிறார்கள், தீவு மிதக்க அல்ல.

"பெட்ரூம்ல மூணடி எடுத்துக்கலாமா மேஸ்திரி?"

"எடுத்துக்கலாம் சார். கட்டில் போட்டுட்டு பீரோவைத் தெருவுல வெச்சுக்குங்க."

மேஸ்திரி சிரிக்காமல் ஜோக் அடிப்பவர். வெற்றிலையைக் கொஞ்சம் ஒதுக்கிக்கொண்டு பாடம் எடுக்க ஆரம்பித்தார். "நடு மேடையில அடுப்பு வைக்கிறீங்களா, தொட்டி வைக்கிறீங்களா, சும்மா நறுக்கறதுக்கா? அதை முதல்ல சொல்லுங்க சார். தொட்டி வெச்சா தரைக்குக் கீழ பைப்பு போகணும், வாட்டம் கொடுக்கணும். டைல்ஸ் ஒட்டினப்புறம் ஞாபகம் வந்துச்சுன்னா உடைக்கறதைத் தவிர வேற வழி கிடையாது. மிக்ஸிக்கு பிளக் வேணும், அந்த வயரும் தரைக்குள்ளதான் வரணும். அடுப்பு வெச்சா புகை போக்கியை நடு கூரையில தொங்கவிட்டு, வெளிச்சுவர் வரைக்கும் குழாய் இழுக்கணும். சிலிண்டர் எங்கே வைப்பீங்க?"

சிலிண்டரை நான் நினைக்கவே இல்லை. ரப்பர் குழாய் ஒன்றரை மீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. அதனால் அடுப்பு நடுவில் போனால் சிலிண்டரும் கூடவே போக வேண்டும். கியாஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையோடு தேங்கி நிற்கும். மேடைக்கு அடியில் மூடிய அலமாரிக்குள் சிலிண்டரை வைப்பதானால், தரை மட்டத்தில் காற்று வெளியே போக வழி வைத்தே தீர வேண்டும். பச்சை ஆப்பிள் படத்தில் சிலிண்டர் இல்லை. அங்கே சமையல் கற்பூரத்தில் நடக்கிறது போலிருக்கிறது.

*

இந்த இடத்தில் என் உத்தியோகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் டிபார்ட்மென்டின் வேலை நிமிஷங்களை மிச்சம் பிடிப்பது. தொழிலாளி எத்தனை தடவை நடக்கிறார், எத்தனை தடவை குனிகிறார் என்று கடிகாரமும் கையுமாக நின்று குறிப்போம். அவர் நடந்த பாதையைப் பிளான் மேல் கோடு கோடாக வரைவோம். வெளிநாட்டில் அதற்கு நூடுல்ஸ் வகையறாவில் ஒரு பெயர் உண்டு. பார்ப்பதற்கு இடியாப்பம் மாதிரியே இருக்கும்.

இதை முதன்முதலில் சமையலறைக்குள் கொண்டுபோனவர்களில் ஒருவர் லில்லியன் கில்ப்ரெத் என்ற அமெரிக்க அம்மாள். கணவரும் அவருமாகத் தொழிற்சாலைகளில் அசைவுகளை எண்ணிக்கொண்டிருந்தவர்கள். பெற்றது பன்னிரண்டு குழந்தைகள். 1924-ல் கணவர் காலமானார். பொம்பளைக்கு என்ன இன்ஜினீயரிங் தெரியும் என்று கம்பெனிகள் கையை விரித்தன. அம்மாள் சமையலறைப் பக்கம் திரும்பினார். காலால் மிதித்தால் வாயைத் திறக்கும் குப்பைத் தொட்டி, ஃப்ரிட்ஜ் கதவின் உள்பக்கத் தட்டுகள் இதற்கெல்லாம் அவர் பேரைத்தான் சொல்கிறார்கள்.

அதே காலத்தில் ஜெர்மனியில் இன்னொரு அம்மாள், மார்கரெட்டே ஷூட்டே லிஹோட்ஸ்கி. 1926-ல் ஃப்ராங்க்ஃபர்ட் நகரத்துத் தொழிலாளர் குடியிருப்புகளுக்காக ஒரு சமையலறை வடிவமைத்தார். ரயிலில் சாப்பாட்டுப் பெட்டியின் சமையல் இடம்தான் அவருக்கு மாதிரி. ஏறக்குறைய ஆறடிக்குப் பதினோரு அடி. கையை நீட்டினால் எல்லாம் எட்டும். சுமார் பத்தாயிரம் வீடுகளில் வைத்தார்கள். இன்றைக்கு நாம் 'மாடுலர் கிச்சன்' என்று தவணையில் வாங்குவதற்கெல்லாம் அதுதான் பாட்டி. வேடிக்கை என்னவென்றால், அதை வரைந்தபோது தனக்குச் சமைக்கவே தெரியாது என்று அந்த அம்மாளே பின்னால் ஒப்புக்கொண்டிருக்கிறார். அந்தச் சமையலறை மேல் பிற்பாடு வந்த புகார் ஒன்றும் உண்டு: அதில் ஒரே ஒரு ஆள்தான் நிற்க முடியும், அவள் வீட்டிலிருந்து தனியாகப் போய்விடுகிறாள் என்பது.

இதையெல்லாம் படித்தபோது அந்தக் கடைசி வாக்கியம் என் மண்டையில் ஏறவில்லை என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். எனக்கு ஏறியதெல்லாம் முக்கோணம்தான். 1940-களில் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் சொன்னது: அடுப்பு, தொட்டி, ஃப்ரிட்ஜ் மூன்றையும் கோட்டால் இணைத்தால் முக்கோணம் வரும். ஒவ்வொரு பக்கமும் 4 முதல் 9 அடி, மூன்றும் சேர்ந்து 13 முதல் 26 அடி இருந்தால் உத்தமம். அதற்கு மேல் போனால் கால் வலிக்கும், கீழே போனால் இடிக்கும்.

"அம்மா, வர்ற ஞாயித்துக்கிழமை நீ சமைக்கறதை உக்காந்து எழுதப் போறேன்."

"சமையல் குறிப்பாடா?"

"இல்லே. நீ எங்கெங்கே நடக்கறேன்னு."

அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "மாசம் பொறந்தா சம்பளம் கொடுத்து இதைத்தான் செய்யச் சொல்றாங்களா உன்னை?"

*

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி. எங்கள் வாடகை வீட்டில் சமையலறை கடைசியில், நீள நடையைத் தாண்டி இருக்கிறது. மூலையில் ஸ்டூலைப் போட்டு நோட்டும் கடிகாரமுமாக உட்கார்ந்தேன். பிறந்ததிலிருந்து அம்மா சமையலைச் சாப்பிடுகிறேன். சமையலறையில் ஒரே இடத்தில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

அம்மா எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் நின்றாள். வேறு வழியில்லை, மேடை சுவரோடு இருக்கிறது. சுவரில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய தினசரி காலண்டர். ஒரு டைலில் விரிசல். "இன்னிக்கு முருங்கைக்காய் முத்தலா இருக்கு" என்றாள் அம்மா. நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள், "போனாப் போறது, சாம்பார்ல வெந்துடும்" என்று அவளே பதில் சொல்லிக்கொண்டாள். என்னிடம் பேசவில்லை. காலண்டரோடு பேசிக்கொண்டிருந்தாள்.

முதலில் முக்கோணம் உடைந்தது. நம் வீட்டுச் சமையலில் முனைகள் மூன்று அல்ல. அடுப்பு, தொட்டி, ஃப்ரிட்ஜ், மிக்ஸி, கிரைண்டர், தண்ணீர் வடிகட்டி, அரிசி டிரம், கறிவேப்பிலைக்குக் கொல்லைப்பக்கம். இல்லினாய்ஸ்காரர்கள் வந்திருந்தால் எண்கோணம் என்று பேர் வைத்துவிட்டுக் காபி சாப்பிடப் போயிருப்பார்கள்.

சாம்பார், ரசம், பீன்ஸ் பொரியல், நடுவில் இரண்டு தடவை காபி. மொத்தம் இரண்டு மணி பத்து நிமிஷம். அதில் அம்மா அடுப்புக்கு எதிரே நின்றது சுமார் நாற்பது நிமிஷம்தான். மற்றதெல்லாம் நறுக்க, உரிக்க, துருவ, கழுவ, அளக்க. இது எனக்கே ஆச்சரியம். நாம் எல்லோரும் சமையலறை என்றால் அடுப்பைத்தான் நினைக்கிறோம்.

அதைவிடப் பெரிய ஆச்சரியம் இடியாப்பப் படத்தில் இருந்தது. கோடுகளில் தடிமனான கற்றை அடுப்புக்கும் தொட்டிக்கும் நடுவில் இல்லை. மேடையிலிருந்து சமையலறைக் கதவு வரைக்கும் இருந்தது. போய், நிலைப்படியில் நின்று, திரும்பி வந்திருக்கிறாள். எண்ணினேன். பதினாலு தடவை. எதையும் எடுக்கப் போகவில்லை, எதையும் கொண்டுபோகவும் இல்லை.

"எதுக்கும்மா கதவுகிட்ட போய்ப் போய் வந்தே?"

"எங்கேடா போனேன்?" என்றாள். அவளுக்கே தெரியவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, "யாராவது வந்தாங்களான்னு எட்டிப் பார்த்திருப்பேன்" என்றாள்.

எங்கள் ஆபீசில் இதற்கு 'வீண் அசைவு' என்று பெயர். சிவப்பு மையால் சுழித்து மேனேஜரிடம் கொடுப்போம். அன்றைக்கு எனக்குச் சுழிக்கக் கை வரவில்லை.

*

அன்று சாயந்திரம், காகிதத்தில் பார்த்தால் அம்மாவுக்குப் புரியாது என்று மொட்டை மாடிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். புரியாதது யாருக்கு என்பது அப்புறம்தான் தெரிந்தது. அம்மா கோலமாவு டப்பாவோடு வந்தாள். நான் டேப்பைப் பிடித்து அளவு சொல்லச் சொல்ல, எட்டுக்குப் பத்து சமையலறையைத் தரையில் அப்படியே முழு அளவில் இழுத்துவிட்டாள். கோடு ஒன்றுகூடக் கோணவில்லை. எங்கள் இன்ஜினீயர் கம்ப்யூட்டரில் போட்டதைவிட நேர்த்தி.

நடுவில் இரண்டுக்கு நாலு தீவு. என் மனைவியும் அம்மாவும் உள்ளே இறங்கி நின்றார்கள். "நான் சாதம் வடிக்கறேன், நீ தயிர் எடுக்க வா" என்றாள் அம்மா. இரண்டு பேரும் ஒரே சமயத்தில் திரும்பினார்கள். இடித்துக்கொண்டார்கள். கற்பனைக் கஞ்சி கற்பனையாகக் கொட்டியது. என் மனைவி தீவை ஒரு நிமிஷம் பார்த்தாள். "வேண்டாங்க, விட்டுடலாம்" என்று தானே சொல்லிவிட்டாள். குரல் இறங்கிப் போயிருந்தது.

"சரி, சுவரோட மேடையே போட்டுடலாம்" என்றேன் நான். பிரச்னை தீர்ந்தது என்ற நிம்மதியில் டேப்பைச் சுருட்டினேன்.

அம்மா மட்டும் தீவுக்குப் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தாள். வடக்கே பார்த்துக்கொண்டு.

"ஏண்டா, இங்கே நின்னா வாசல் தெரியுமா?"

"தெரியாதும்மா. நடுவுல சுவர் வருது."

"ஓ, சுவர் வருதா. சரி, சரி" என்றாள் சட்டென்று. காலால் கோலத்தைக் கலைக்க ஆரம்பித்தாள்.

எனக்கு ஒரு சனிக்கிழமை ஞாபகம் வந்தது. இரண்டு வருஷம் ஆகிறது. நானும் மனைவியும் பெட்ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு ஏதோ படம் பார்த்துக்கொண்டிருந்தோம். அப்பா ஹாலில் கிரிக்கெட். கியாஸ் வாசனை வந்தது. ஓடினேன். பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்து கிடந்தது. அம்மா தரையில், மேடைக் காலில் சாய்ந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். தலை சுற்றி விழுந்திருக்கிறாள். ரெகுலேட்டரை மூடி, ஜன்னலைத் திறந்து, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனோம். ரத்த அழுத்தம் என்று மாத்திரை கொடுத்தார்கள். ஆபத்தில்லை. வரும் வழியில் ஆட்டோவில் அம்மா சொன்னாள்: "ரெண்டு மூணு தரம் கூப்பிட்டேன்டா. டிவி சத்தத்துல கேக்கலை போலிருக்கு." புகார் மாதிரிகூட இல்லை. மழை பெய்தது என்று சொல்வது மாதிரி சொன்னாள்.

ரெண்டு மூணு தரம். பதினாலு தரம்.

வீடு கட்டுகிற எனக்கு ஃப்ரிட்ஜ் எங்கே, பிளக் எங்கே, சிலிண்டர் எங்கே என்று எல்லாம் தெரிந்திருந்தது. அம்மா எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பாள் என்பதை மட்டும் யோசிக்கவில்லை. இந்தத் தீவு வகையறாவில் இருக்கிற சமாசாரமே அதுதான் என்று அப்போதுதான் உறைத்தது. கல் அல்ல, ஆப்பிள் அல்ல. சமைக்கிறவள் வீட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கலாம்.

"அம்மா, கலைக்காதே. இரு."

*

ராத்திரி சாப்பாட்டில் விஷயத்தைச் சொன்னேன். இடமும் இல்லை, தீவும் வேண்டும் என்றேன். அப்பா மோரைக் கலந்துகொண்டே என்னை ஒரு மக்கு மாணவனைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"நாலு பக்கமும் சுத்தி வர வழி இருந்தாத்தான் அது தீவு. உனக்கு இருக்கறது மூணு பக்கம். மூணு பக்கம் வழி, ஒரு பக்கம் நிலத்தோட ஒட்டிக்கிட்டிருந்தா அதுக்குப் பேர் என்னடா?"

'ஙே' என்று விழித்தேன்.

"தீபகற்பம்! உன் கிளாஸுக்கு நான்தானேடா பூகோளம் எடுத்தேன்? ஒரு நாளாவது கவனிச்சிருந்தாத்தானே!"

சமையலறைக்கும் சாப்பிடும் இடத்துக்கும் நடுவில் வரவேண்டிய வடக்குச் சுவரை நிறுத்திவிடுவது. அந்த இடத்தில், கிழக்கு மேடையோடு ஒட்டிக்கொண்டு ஐந்தடி நீளத்துக்கு ஒரு மேடை. மிச்சம் மூன்றடி உள்ளே வர வழி. மேடைக்குப் பின்னால் நின்றால் சாப்பிடும் இடம், ஹால், வாசல், கேட் எல்லாம் ஒரே நேர்க்கோட்டில். மறுநாள் இன்ஜினீயரிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். "தாராளமாப் போடலாம் சார். அதுக்குப் பேரே பெனின்சுலாதான்" என்றார். அப்பாவிடம் இதைச் சொன்னதிலிருந்து ஒரு வாரம் அவரோடு பேச முடியவில்லை.

மேஸ்திரி, "பில்லர் மேல நிக்கற வீடு சார் இது. இந்தச் சுவர் வெறும் தடுப்பு. கட்டலைன்னா எனக்கு ஒரு நாள் வேலை மிச்சம்" என்றார். தொழிலில் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். ஸ்டூல் போட்டு உட்கார மேடைக் கல்லை சாப்பிடும் பக்கம் ஓரடி நீட்டச் சொன்னேன். "அடியில இரும்பு பிராக்கெட் வெச்சாத்தான் நீட்டுவேன். உங்க சொந்தக்காரங்க யாராவது ஸ்டூலை விட்டுட்டு கல்லு மேலயே ஏறி உக்காருவாங்க" என்றார். எங்கள் சொந்தக்காரர்களை அவர் எங்கே பார்த்தார் என்பது இன்னும் விளங்கவில்லை.

மற்றது மளமளவென்று முடிந்தது. அம்மாவின் சொல்படி நெருப்பு அக்னி மூலைப் பக்கம், தண்ணீர் ஈசானிய மூலையில். அதாவது கிழக்குச் சுவரில் அடுப்பு, தீபகற்பம் ஒட்டும் முனையில் தொட்டி. மேற்கே ஃப்ரிட்ஜ். அளந்து பார்த்தேன்: அடுப்புக்கும் தொட்டிக்கும் 5 அடி, அடுப்புக்கும் ஃப்ரிட்ஜுக்கும் 6, ஃப்ரிட்ஜுக்கும் தொட்டிக்கும் 8. மொத்தம் 19. வாஸ்து சாஸ்திரமும் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகமும் என் வீட்டில் கைகுலுக்கிக்கொண்டன.

உயரத்தில் மட்டும் ஒரு சின்ன யுத்தம். அம்மா ஐந்தடி, என் மனைவி ஐந்தே காலுக்கும் மேல். நறுக்குகிற மேடை, நின்றால் முழங்கைக்கு நாலைந்து அங்குலம் கீழே இருப்பது நல்லது. அடுப்பு மேடை அதற்கும் கீழே, ஏனென்றால் அதன்மேல் அடுப்பு, அதன்மேல் குக்கர் என்று அடுக்கு ஏறுகிறது. அடுப்பு மேடை 32, தீபகற்பம் 34 என்று சமரசம் ஆயிற்று. அம்மாவின் முட்டிக்காக உள்பக்கமும் ஒரு உயர ஸ்டூல்.

கட்டப் போகும் சக குமாஸ்தாக்களே, உங்களுக்கு என்னால் முடிந்தது மூன்று வார்த்தை. படத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், கோலமாவில் முழு அளவில் போட்டு சமைக்கிறவரை உள்ளே நிற்க வையுங்கள். தரைக்குள் போகும் பைப்பையும் வயரையும் டைல்ஸ்காரர் வருவதற்கு முன்னால் முடிவு செய்யுங்கள். அதற்கெல்லாம் முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பாருங்கள். செலவு கிடையாது.

*

புதுமனை புகுவிழா அன்று விடிகாலை பால் காய்ச்சினோம். பால் பொங்கி வழிந்தது. எல்லோரும் தீபகற்பத்தைச் சுற்றி நின்று கைதட்டினார்கள். அம்மா அடுப்பைச் சின்னதாக்கிவிட்டுத் திரும்பி எங்கள் எல்லோரையும் பார்த்தாள். நான் அவசரமாக ரெகுலேட்டரைப் பார்ப்பது போலக் குனிந்துகொண்டேன்.

ஆறு மாதம் ஆகிறது. கொரியர்காரர் கேட்டைத் தொடுவதற்குள், "போய் வாங்குடா" என்று உள்ளேயிருந்து உத்தரவு வந்துவிடுகிறது. கதவுக்குப் போய்ப் போய் வரும் கோடு சுத்தமாக நின்றுபோனது. அப்பாவுக்குத்தான் வருத்தம். முன்பெல்லாம் ஹாலில் இருந்தபடி, "காபி ஆச்சா?" என்று குரல் கொடுத்தால் போதும். இப்போது குரல் கொடுத்தால் அம்மா நேராக அவரைப் பார்க்கிறாள். அதற்கப்புறம் அவருக்குக் கேட்கத் தோன்றுவதில்லை. எழுந்து போய் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு பீன்ஸ் நார் உரிக்கிறார். உரித்துக்கொண்டே தெரு நடப்பெல்லாம் சொல்கிறார். அம்மா அவ்வளவு பதில் பேசுவாள் என்பதே எங்களுக்கு இப்போதுதான் தெரிகிறது. காலண்டரைப் புது வீட்டுக்குக் கொண்டுவர மறந்துபோனோம். யாரும் தேடவில்லை.

என் மனைவிக்குப் பரம திருப்தி. ஊரில் எல்லோரிடமும் 'எங்க வீட்டு ஐலண்ட்' என்றுதான் சொல்கிறாள். அப்பா ஒவ்வொரு தடவையும் திருத்துகிறார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கும் அங்கே ஒரு ஸ்டூல் உண்டு. நேற்று அரை கிலோ சின்ன வெங்காயம். முப்பத்திநாலு அங்குல மேடை என் முதுகுக்குச் சரிப்படவில்லை, என் உயரத்தை மட்டும் யாரும் அளக்கவில்லை. உரித்து முடிப்பதற்குள் கண்ணிலிருந்து தாரை தாரையாகத் தண்ணீர். எதிரே அம்மா முருங்கைக்காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"முத்தலா இருக்குடா."

"போனாப் போறதும்மா, சாம்பார்ல வெந்துடும்" என்றேன்.